ஏழு வரை

முதல் மாதம் நான் யாருக்கும் பந்து தருவதில்லை.
கோபப்படுவார்கள்.
"ஆயிரத்தைந்நூறு கட்டியிருக்கோம்லா, டீச்சர்?"
கட்டியது வீச்சுக்கு.
பந்து, தரையில் சும்மா கிடக்கிற சாமான்.

பணகுடிக்கு வடக்கே உடங்காட்டை வெட்டி,
மண் நிரவி,
ஆடு மேய்ந்து மிச்சம் வைத்த புல்லில்
நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று பலகை நட்டிருக்கிறோம்.
இருநூறு மேல் எப்போதும் ஒரு கரிச்சான்.
இதுவரை யாரும் அதை எழுப்பியதில்லை.
இடது தோள் பக்கம் மகேந்திரகிரி.
ஆடி பிறந்துவிட்டால்
கணவாய் வழியே வருகிற காற்று
தொப்பியைக் கேட்காது, தலையைக் கேட்கும்.

பிடியை இப்படித்தான் சொல்லுவேன்:
கையில் பதநீர் பட்டை இருக்கிறது.
இறுக்கினால் சட்டையில், விட்டால் மண்ணில்.
வாழைத்தார் ஏலம் விடுகிற ரசல்ராஜ் அண்ணாச்சிக்கு
பிடி ஒரே நாளில் வந்தது.
மேலே போன கை மட்டும் நிற்காமல்
விழுந்தடித்து இறங்கும்.
"அண்ணாச்சி, ரெண்டு தரம் சொல்லிட்டு
கூட்டத்த ஒரு பார்வை பாப்பியள்லா,
அந்தப் பார்வைதான் உச்சி.
அங்க அவசரப்பட்டா நட்டம் யாருக்கு?"
சிரித்தார்.
சிரித்துக்கொண்டே வீசியது நூறைத் தாண்டியது.

எனக்கென்று தனியாகப் பாடம் கிடையாது.
அவரவர் பிழைப்புக்குள் எங்கேயோ
இந்த வீச்சு ஏற்கெனவே கிடக்கிறது.

டாக்டர் அசன் மைதீனிடம் மட்டும்
எதுவும் எடுபடவில்லை.
மேலப்பாளையத்துக்காரர். மயக்க மருந்து.
வியாழன்தோறும் வள்ளியூரில் கேஸ் முடித்து வருவார்,
நெற்றியில் பச்சைத் தொப்பியின் தடம் அழியாமல்.
பந்தில்லாமல் வீசினால் கண் பட்டுவிடும்.
பந்தை வைத்ததும்
வாய் இறுகும், முழங்கை இறுகும்,
பந்து வலப்பக்கம் வளைந்து
உடங்காட்டில், கொம்பையாவின் ஆடுகளுக்கு நடுவே.
கொம்பையா ஓலைப்பெட்டியில் பொறுக்கி வந்து
பந்துக்கு ரெண்டு ரூபாய் வாங்கிக்கொள்வார்.
டாக்டர் வருகிற நாள் அவருக்கு யோகம்.

"காத்து, மேடம்."
"காத்து நாளைக்கும் இருக்கும், டாக்டர்."

அவரிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது இது:
நாலு வருஷத்துக்கு முன்னால்
நாங்குநேரி விலக்கில் ஸ்கூட்டர் சறுக்கி
இடது மணிக்கட்டு போயிற்று.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள், ஆறு திருகு.
மேசையில் மல்லாந்து கிடந்தேன்.
முகமூடிக்கு மேலே இரண்டு கண்.
"பத்துலேர்ந்து கீழ எண்ணுங்கம்மா, மெதுவா."
பத்து. ஒன்பது. எட்டு.
ஏழு சொன்னேனா என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் குரல்தான் முதல் நாள் வந்து
"ஷூ கட்டாயமா?" என்று கேட்டது.
எழுந்து நிற்கிற என்னை
அவர் எப்படி அறிவார்.

நேற்று முப்பத்தோராவது பந்தும்
காட்டுக்குப் போனது.
வேறு எதுவும் மிச்சமில்லை என்னிடம்.
"டாக்டர், பத்துலேர்ந்து கீழ எண்ணுங்க. மெதுவா.
எப்ப வீசணும்னு நான் சொல்லமாட்டேன்."
ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.
பிறகு எண்ணினார்,
எத்தனையோ பேரைத் தூங்கவைத்த அந்தக் குரலில்.
பத்து.
ஒன்பது. தோள் கொஞ்சம் இறங்கியது.
எட்டு.

ஏழு என் காதில் விழவில்லை.
புதுப் பூட்டு திறக்கிற மாதிரி
சின்னதாக ஒரு சத்தம்தான் கேட்டது.
பந்து காற்றின் வயிற்றைக் கிழித்து நேராகப் போய்
நூற்றைம்பதுக்கு அந்தப்பக்கம் குதித்தது.
கரிச்சான் அசையவில்லை.

டாக்டர் பந்தைப் பார்க்கவில்லை.
என் மணிக்கட்டின் தழும்பைப் பார்த்தார்.
"எங்க பண்ணினது?"
"ஹைகிரவுண்டு."
மட்டையைத் தரையில் ஊன்றி
கொஞ்ச நேரம் நின்றார்.
"வலிக்குதா?"
"ஆடியில மட்டும்."

தலையாட்டிவிட்டு
குனிந்து அடுத்த பந்தை அவரே வைத்தார்.
அது உடங்காட்டுக்குப் போயிற்று.
உள்ளேயிருந்து கொம்பையா
கிடைத்துவிட்டது என்று
கையைத் தூக்கிக் காட்டினார்.